வரைகலை அட்டை வாங்கும் முன்...

என்னிடம் பொருளாதாரம் பயின்ற முன்னாள் மாணவி ஒருவர், சிறு நகரமொன்றில் கணினித் தட்டச்சு நிலையம் நடத்தி வருகிறார். திருமண அழைப்பிதழ், கோயில் திருவிழாத் துண்டறிக்கை, அரசு இணையதளங்களில் விண்ணப்பம் நிரப்புதல் ஆகியவைதாம் அவரது அன்றாடத் தொழில். சென்ற மாதம் ஒருநாள் காலையில் அவர் தொலைபேசியில் அழைத்தார். "சார், கம்ப்யூட்டர் ரொம்ப மெதுவா இருக்கு. கடையில காட்டினேன். 4 ஜிபி கிராஃபிக்ஸ் கார்டு போட்டா சரியாயிடும்னு சொல்றாங்க. கார்டு, அதுக்கேத்த பவர் சப்ளை எல்லாம் சேர்த்து 11,500 ரூபாய் ஆகுமாம். நகையை அடகு வைக்கலாமான்னு யோசிக்கிறேன்" என்றார். "நகையில் கை வைக்காதே அம்மா. ஞாயிற்றுக்கிழமை நான் வந்து பார்க்கிறேன்" என்றேன்.

நான் கணினிப் பொறியாளன் அல்லன். வாங்குபவருக்குத் தெரியாத ஒன்று விற்பவருக்குத் தெரிந்திருக்கும்போது சந்தையில் என்ன நிகழும் என்பதை முப்பது ஆண்டுகளுக்கு மேல் வகுப்பறையில் பேசியவன். அந்தப் பாடத்துக்குக் கிராஃபிக்ஸ் கார்டு எனப்படும் வரைகலை அட்டையைக் காட்டிலும் நல்ல எடுத்துக்காட்டு கிடைப்பது அரிது. காணொலி விளையாட்டு ஆடாத, திரைப்படத் தொகுப்புப் பணி செய்யாத, கடிதம் எழுதவும் கணக்குப் பார்க்கவும் காணொலி காணவும் மட்டுமே கணினியைப் பயன்படுத்துகிற சாமானியர்கள், இந்த ஒரு பொருளில் தேவையின்றிப் பணத்தை இழக்கிறார்கள். அவர்களுக்காகவே இக்கட்டுரை.

படம் எங்கிருந்து வருகிறது?

கணினித் திரையில் தெரியும் ஒவ்வொரு எழுத்தும் படமும் புள்ளிகளால் ஆனவை. இன்று பரவலாக உள்ள திரைகளில் குறுக்குவாட்டில் 1,920 புள்ளிகளும் நெடுக்குவாட்டில் 1,080 புள்ளிகளும் இருக்கின்றன. ஆக, மொத்தம் ஏறத்தாழ 20.7 லட்சம் புள்ளிகள். ஒவ்வொன்றின் நிறத்தையும் கணக்கிட்டு, நொடிக்கு 60 முறை திரைக்கு அனுப்ப வேண்டும். இந்த வேலையைச் செய்வதுதான் வரைகலைச் சில்லு.

ஒரு காலத்தில் இதற்குத் தனி அட்டை இன்றியமையாததாக இருந்தது. சில தாய்ப்பலகைகளில் இந்த வசதி இணைந்தே வந்தபோதும் அதன் திறன் குறைவாகவே இருந்தது. 2011 ஜனவரியில் இன்டெல் நிறுவனம் வெளியிட்ட இரண்டாம் தலைமுறை 'கோர்' நுண்செயலிகளில், கணக்கிடும் பகுதியும் வரைகலைப் பகுதியும் ஒரே சில்லில் அமைந்தன. அதே ஆண்டில் ஏஎம்டி நிறுவனமும் இத்தகைய கூட்டுச் சில்லுகளைச் சந்தைக்குக் கொண்டுவந்தது. அதன் பிறகு வாங்கப்பட்ட வீட்டு, அலுவலகக் கணினிகளில் பெரும்பாலானவற்றில் வரைகலைத் திறன் உள்ளேயே இருக்கிறது. அதற்கான விலையையும் நாம் ஏற்கெனவே செலுத்தியிருக்கிறோம். தனி அட்டை வாங்குவது என்பது, கிணறு உள்ள வீட்டுக்குத் தண்ணீர் லாரி வரவழைப்பதைப் போன்றது. கிணறு வற்றியிருந்தால் லாரி தேவைதான். ஆனால், முதலில் எட்டிப் பார்க்க வேண்டும் அல்லவா?

கடைக்காரர் அழுத்திச் சொல்லும் '4 ஜிபி' என்ற எண்ணையும் ஒருமுறை கணக்கிட்டுப் பார்ப்போம். ஒரு புள்ளியின் நிறத்தைக் குறிக்க 4 பைட் நினைவகம் போதும். 20.7 லட்சம் புள்ளிகளுக்கு ஏறத்தாழ 8 எம்பி. நான்கு மடங்கு புள்ளிகள் கொண்ட 4கே திரைக்குக்கூட 33 எம்பிதான். இணைய உலாவியும் இயங்குதளமும் இதைப் போலப் பல மடங்கு இடத்தைப் பயன்படுத்திக்கொள்ளும் என்பது உண்மை. அப்படியே வைத்துக்கொண்டாலும், அன்றாடப் பணிக்கு 2 ஜிபி நினைவகம் தாராளம். 4, 6, 8 ஜிபி நினைவகம் முப்பரிமாண விளையாட்டுகளுக்கும் அது போன்ற கனமான பணிகளுக்கும் உரியது. நமக்கு அது பூட்டிக் கிடக்கும் அறை. வாடகை மட்டும் நாம் கொடுக்கிறோம்.

நோய் ஒன்று, மருந்து வேறு

ஞாயிற்றுக்கிழமை மாணவியின் நிலையத்துக்குச் சென்றேன். எட்டாம் தலைமுறை 'கோர் ஐ3' நுண்செயலி, 4 ஜிபி ரேம், பழைய வகைச் சுழலும் ஹார்டு டிஸ்க். கண்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் ஆகிய மூன்று விசைகளையும் ஒருசேர அழுத்தினால் 'டாஸ்க் மேனேஜர்' என்ற பலகை திறக்கும். அதில் 'பெர்ஃபார்மன்ஸ்' என்ற பகுதியில், கணினியின் எந்த உறுப்பு எவ்வளவு பளு சுமக்கிறது என்பது வரைபடமாகத் தெரியும். அவர் வழக்கமாகத் திறந்து வைத்திருக்கும் மென்பொருள்களைத் திறக்கச் சொல்லிவிட்டுப் பார்த்தேன். ஹார்டு டிஸ்க் 100 சதவீதத்தில் மூச்சு வாங்கிக்கொண்டிருந்தது. ரேம் நிரம்பி வழிந்தது. வரைகலைப் பகுதியோ 6 சதவீதத்தைத் தாண்டவில்லை.

செலவு எதுவும் இல்லாத இந்த இரண்டு நிமிடச் சோதனையைக் கணினி வைத்திருக்கும் ஒவ்வொருவரும் செய்து பார்க்கலாம். டிஸ்க் திணறினால் எஸ்எஸ்டி எனப்படும் சுழலாத சேமிப்பகத்துக்கு மாற வேண்டும். நினைவகம் நிரம்பினால் ரேமைக் கூட்ட வேண்டும். வரைகலைப் பகுதி திணறினால் மட்டுமே அட்டையைப் பற்றிய பேச்சுக்கு இடமுண்டு.

இங்கே இன்னொரு நுட்பமும் உண்டு. நுண்செயலியோடு இணைந்த வரைகலைப் பகுதிக்குத் தனி நினைவகம் கிடையாது; அது ரேமிலிருந்தே ஒரு பங்கை எடுத்துக்கொள்கிறது. ஒற்றை ரேம் பட்டைக்குப் பதில் ஒரே அளவில் இரண்டு பட்டைகளை உரிய இடங்களில் பொருத்தினால், தரவு போய்வரும் பாதை இரு மடங்கு அகலமாகிறது. ரேமைக் கூட்டும் செலவிலேயே வரைகலையின் வேகமும் சற்று உயர்ந்துவிடும்.

அட்டை யாருக்குத் தேவை?

தனி அட்டையே வேண்டாம் என்று நான் சொல்ல வரவில்லை. சாதாரணப் பயன்பாட்டிலும் அது தேவைப்படும் சூழல்கள் நான்கு உண்டு.

முதலாவது, நுண்செயலியில் வரைகலைப் பகுதியே இல்லாத நிலை. இன்டெல் நுண்செயலிகளின் பெயர் 'எஃப்' என்ற எழுத்தில் முடிந்தால் அதில் வரைகலை இல்லை என்று பொருள். ஏஎம்டியின் மேசைக் கணினிக்கான 'ரைசன்' வகையில், 5000 வரிசை வரை 'ஜி' என்ற எழுத்து இடம்பெறுபவற்றில் மட்டுமே வரைகலை உண்டு. 2022இல் வந்த 7000 வரிசை முதல் பெரும்பாலானவற்றில் எளிய வரைகலை சேர்க்கப்பட்டுவிட்டது. இரண்டாவது, தாய்ப்பலகையில் திரையை இணைக்கும் துளை பழுதாகிவிட்ட நிலை. மூன்றாவது, பங்குச் சந்தையைக் கவனிப்போரையும் தணிக்கையாளர்களையும் போல மூன்று, நான்கு திரைகளை ஒரே நேரத்தில் பயன்படுத்த வேண்டிய நிலை. நான்காவது, பழைய கணினியோடு புதிய 4கே திரையை இணைக்கும் நிலை.

இந்த நான்காவது சூழலில் நானே ஏமாந்தேன். ஓய்வு பெற்றபின், கண்பார்வைக்கு இதமாக இருக்கட்டும் என்று பெரிய 4கே திரை ஒன்றை வாங்கினேன். பழைய கணினியில் அது சரியாக வேலை செய்யாததால், கடையில் கிடைத்தவற்றில் மிக மலிவான அட்டையையும் வாங்கிப் பொருத்தினேன். படம் வந்தது. ஆனால், சுட்டியை நகர்த்தினால் அம்புக்குறி தாவித் தாவிச் சென்றது. பக்கத்தை உருட்டும்போது எழுத்துகள் நடுங்கின. ஒரு வாரம் கழித்தே காரணம் புரிந்தது. அந்த அட்டையில் இருந்தது எச்டிஎம்ஐ 1.4 வகைத் துளை. அது 4கே படத்தை நொடிக்கு 30 முறைதான் அனுப்பும். 60 முறை அனுப்ப எச்டிஎம்ஐ 2.0 வேண்டும். துளையின் வடிவம் இரண்டிலும் ஒன்றே. வெளியிலிருந்து பார்த்தால் வேறுபாடு தெரியாது. அட்டையைத் திருப்பித் தர முடியவில்லை. மலிவு என்று வாங்கியது, இரண்டாவது அட்டை வாங்கியபோது விலையுயர்ந்ததாகிவிட்டது.

எதைப் பார்த்து வாங்குவது?

அட்டை தேவை என்று உறுதியான பிறகு, நினைவகத்தின் அளவை ஒதுக்கிவிட்டு ஐந்து செய்திகளைப் பார்த்தால் போதும்.

ஒன்று, துளைகள். உங்கள் திரையில் உள்ள இணைப்பு வகையும் எண்ணிக்கையும் அட்டையில் உள்ளனவா, எச்டிஎம்ஐ என்றால் எந்தப் பதிப்பு என்று பாருங்கள்.

இரண்டு, காணொலியைப் பிரிக்கும் திறன். இணையக் காணொலிகள் சுருக்கப்பட்ட வடிவில் வருகின்றன. அதை விரிக்கும் வேலையை வரைகலைச் சில்லே செய்தால் கணினி சூடாகாமல், இரைச்சலில்லாமல் ஓடும். இல்லையேல் நுண்செயலி திணறும். 'எச்இவிசி', 'விபி9' ஆகிய இரண்டு வடிவங்களையும் விரிக்கும் திறன் இன்று அடிப்படைத் தேவை. 2018இல் வெளியான 'ஏவி1' என்ற வடிவம் இப்போது வேகமாகப் பரவி வருகிறது. புதியது என்பதாலேயே ஓர் அட்டை இதைக் கையாளும் என்று நம்ப முடியாது. 2022இல் வெளியான ஏஎம்டியின் 'ரேடியான் ஆர்எக்ஸ் 6400' அட்டைக்கு ஏவி1 விரிக்கும் திறன் இல்லை. அதே ஆண்டில் வந்த இன்டெலின் 'ஆர்க் ஏ310' அட்டைக்கு உண்டு. ஆனால், ஆர்க் அட்டைகள் 'ரீசைசபிள் பார்' என்ற வசதி இல்லாத பழைய தாய்ப்பலகைகளில் முழுத் திறனைக் காட்டுவதில்லை. ஆகவே, அட்டையை உங்கள் கணினியோடு சேர்த்தே எடைபோட வேண்டும்.

மூன்று, ஆயுள். அட்டையை இயக்கும் 'டிரைவர்' மென்பொருளுக்குத் தயாரிப்பாளர் எவ்வளவு காலம் திருத்தங்கள் தருவார் என்பதுதான் அட்டையின் உண்மையான ஆயுள். இன்றும் கடைகளில் காணக்கிடைக்கும் என்விடியாவின் 'ஜிடி 710' அட்டை, 2012இல் அறிமுகமான வடிவமைப்பைச் சேர்ந்தது. அந்த வடிவமைப்புக்கான வழக்கமான மேம்பாடு 2021இலும், பாதுகாப்புத் திருத்தங்கள் 2024 செப்டம்பரிலும் முடிந்துவிட்டன. 2017இல் வந்த 'ஜிடி 1030' அட்டைக்கு வழக்கமான மேம்பாடு 2025 அக்டோபருடன் நின்றது; பாதுகாப்புத் திருத்தங்கள் 2028 அக்டோபர் வரை கிடைக்கும். உறையில் இருப்பதால் பொருள் புதியதாகிவிடாது.

நான்கு, மின்சாரமும் இடமும். தாய்ப்பலகையின் செருகுதளம் 75 வாட் வரை மின்சாரம் தரும். அதற்குள் இயங்கும் அட்டைக்குத் தனி மின்கம்பி தேவையில்லை. பெரும்பாலும் பவர் சப்ளையை மாற்ற வேண்டியதும் இல்லை. ஜிடி 1030 அட்டைக்கு 30 வாட்டும், ஆர்எக்ஸ் 6400 அட்டைக்கு 53 வாட்டும் போதும். அலுவலகங்களிலிருந்து கழிக்கப்பட்டு விற்பனைக்கு வரும் ஒல்லியான கணினிகளில் உயரம் குறைந்த அட்டை மட்டுமே நுழையும் என்பதையும் மறக்கக் கூடாது.

ஐந்து, விசிறி. சாதாரணப் பயன்பாட்டுக்கு விசிறியில்லாத, உலோகத் தகட்டால் மட்டுமே குளிரும் அட்டைகள் கிடைக்கின்றன. இரைச்சல் இல்லை, தூசு படிந்து நின்றுபோவதற்கு விசிறியும் இல்லை. கணினிப் பெட்டிக்குள் காற்றோட்டம் இருந்தால் போதும்.

பொருத்திய பின் திரையின் கம்பியைத் தாய்ப்பலகையின் துளையிலிருந்து எடுத்து அட்டையின் துளையில் செருக வேண்டும். இதைச் செய்யாமல், அட்டை வாங்கியும் பயனில்லை என்று நொந்துகொள்வோர் பலர்.

ஒரே பெயர், இரண்டு பொருள்கள்

அமெரிக்கப் பொருளியலாளர் ஜார்ஜ் அக்கர்லாஃப் 1970இல் ஒரு கட்டுரை எழுதினார். மூன்று ஆய்விதழ்கள் ஏற்க மறுத்த அந்தக் கட்டுரைதான் 2001இல் அவருக்கு நோபல் பரிசு கிடைக்க அடிப்படையாக அமைந்தது. பழைய கார் சந்தையை எடுத்துக்காட்டாகக் கொண்டு அவர் சொன்னது இதுதான்: பொருளின் தரம் விற்பவருக்கு மட்டுமே தெரிந்திருந்தால், வாங்குபவர் நல்ல பொருளுக்கும் சராசரி விலையையே தர முன்வருவார். நல்ல பொருளை வைத்திருப்பவர் அந்த விலைக்கு விற்க மாட்டார். நாளடைவில் சந்தையில் மட்டமான சரக்கே மிஞ்சும்.

மலிவு விலை வரைகலை அட்டைச் சந்தையில் இதைக் கண்கூடாகக் காணலாம். 2017இல் வந்த ஜிடி 1030 அட்டையில் இருந்தது 'ஜிடிடிஆர்5' என்ற வேகமான நினைவகம். அது நொடிக்கு 48 ஜிபி தரவைக் கடத்தும். 2018இல் அதே பெயரில் 'டிடிஆர்4' நினைவகம் பொருத்திய அட்டையும் விற்பனைக்கு வந்தது. அதன் வேகம் ஏறத்தாழ 17 ஜிபி மட்டுமே. இரண்டுக்கும் பெயர் ஒன்று, 2 ஜிபி என்ற அளவும் ஒன்று. கடிதம் எழுதுபவருக்கு இந்த வேறுபாடு பெரிதாகத் தெரியாமல் போகலாம். ஆனால், மூன்றில் ஒரு பங்கு வேகம் உள்ள பொருளுக்கு முழுப் பொருளின் விலையைத் தருகிறோமா என்பதை அறியும் உரிமை அவருக்கும் உண்டு.

பழைய அட்டைகளின் சந்தை இன்னும் சிக்கலானது. 'எத்திரியம்' என்ற மறைகுறி நாணயத்தை ஈட்டுவதற்காக உலகெங்கும் வரைகலை அட்டைகள் இரவு பகலாக ஓடின. 2022 செப்டம்பர் 15 அன்று அந்த நாணயம் தன் முறையை மாற்றிக்கொண்டதும் அப்பணி ஒரே நாளில் நின்றது. உழைத்துக் களைத்த அட்டைகள் பழைய சந்தைக்கு வந்தன. காலாவதியான அட்டையின் உள்மென்பொருளைத் திருத்தி, அது புதிய அட்டையின் பெயரைச் சொல்லும்படி செய்து விற்கும் மோசடியும் உண்டு. 'ஜிபியு-இசட்' என்ற இலவச மென்பொருள் இத்தகைய போலிகள் பலவற்றை 2018 முதல் அடையாளம் காட்டுகிறது. பழைய அட்டை வாங்குவோர் அதைக் கடையிலேயே ஓட்டிப் பார்த்த பிறகு பணம் கொடுப்பது நல்லது.

பொறுப்பு யாருக்கு?

தவறு தனிமனிதர்களுடையது மட்டுமன்று. நான் பணியாற்றிய கல்லூரியில் கொள்முதல் குழுவின் தலைவராக இருந்தபோது, ஆய்வகத்துக்கு 30 கணினிகள் வாங்கினோம். முந்தைய ஒப்பந்தப்புள்ளியில் 'தனி வரைகலை அட்டை' என்று இருந்த வரியை அப்படியே படியெடுத்துக் கையெழுத்திட்டவன் நான். மாணவர்கள் அந்தக் கணினிகளில் செய்ததெல்லாம் தட்டச்சும் அட்டவணைக் கணக்கும்தான். ஓர் அட்டை கூடுதலாக 10 வாட் எடுத்தது என்று வைத்துக்கொண்டாலும், நாளுக்கு 8 மணி நேரம், ஆண்டுக்கு 250 நாள் என்ற கணக்கில், 30 கணினிகளுக்கு 600 யூனிட் மின்சாரம் ஆண்டுதோறும் வீண். அந்தப் பணத்தில் நூலகத்துக்குச் சில நூறு புத்தகங்கள் வாங்கியிருக்கலாம். வாய்ப்பிழப்புச் செலவு என்று வகுப்பில் பாடம் நடத்தியவனுக்குக் கையெழுத்திடும்போது அது நினைவுக்கு வரவில்லை.

குளிர்பதனப் பெட்டி வாங்கப் போகும் ஒருவர், மின்பொறியியல் தெரியாமலேயே அதன் மீதுள்ள நட்சத்திரங்களை எண்ணி முடிவெடுக்கிறார். எரிசக்தித் திறன் செயலகம் 2006இல் தொடங்கிய அந்த எளிய முத்திரை, அறிவில் இருந்த ஏற்றத்தாழ்வைக் குறைத்தது. இணையத்தோடு இணையும் நுகர்பொருள்களுக்கு எவ்வளவு காலம் பாதுகாப்புத் திருத்தம் கிடைக்கும் என்பதைத் தயாரிப்பாளர் அறிவிக்க வேண்டும் என்று பிரிட்டனில் 2024 ஏப்ரல் முதல் சட்டம் நடைமுறையில் உள்ளது. கணினி உதிரிப் பொருள்களுக்கும் இத்தகைய ஏற்பாடு நம் நாட்டில் வர வேண்டும். நினைவகத்தின் வகையும் வேகமும், துளையின் பதிப்பு, விரிக்கக்கூடிய காணொலி வடிவங்கள், திருத்தங்கள் கிடைக்கும் இறுதி ஆண்டு ஆகிய நான்கு வரிகளை உறையின் மீது அச்சிட எந்த நிறுவனத்துக்கும் பெருஞ்செலவாகாது. அரசு அலுவலகங்களும் கல்வி நிலையங்களும் ஒப்பந்தப்புள்ளி கோரும்போது இந்த விவரங்களைக் கேட்கத் தொடங்கினாலே சந்தை மாறிவிடும்.

மாணவியின் கணினிக்கு ஓர் எஸ்எஸ்டியும், ஏற்கெனவே இருந்ததைப் போன்ற இன்னொரு 4 ஜிபி ரேம் பட்டையும் வாங்கிப் பொருத்தினோம். மொத்தச் செலவு கடைக்காரர் சொன்ன தொகையில் பாதிகூட இல்லை. முன்பு கணினியை இயக்கிவிட்டுத் தேநீர் போட்டுக்கொண்டு வந்து உட்காருவாராம். இப்போது நாற்காலியை இழுத்துப் போடுவதற்குள் திரை தயாராகிவிடுகிறது. நகை வீட்டிலேயே இருக்கிறது.

கடைக்காரர் பொய் சொன்னார் என்று நான் கருதவில்லை. அவரும் உறையின் மீது பெரிய எழுத்தில் இருந்த எண்ணைத்தான் படித்திருப்பார். அந்த எண்ணுக்கும் நம் தேவைக்கும் தொடர்பு உண்டா என்று கேட்கும் பழக்கம் வாங்குபவருக்கு வந்துவிட்டால், விற்பவரும் அடுத்த முறை பதிலோடு காத்திருப்பார்.

கட்டுரையாளர்: பொருளாதாரப் பேராசிரியர், பணி நிறைவு.